எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை: வெட்டி எடுப்பது எது, கரைந்து போவது எது?

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் ஆறேழு மாதம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் போதும். "வயித்துல இருந்து முப்பது கிலோ கொழுப்பை வழிச்சு எடுத்துட்டாங்களாமா" என்ற பேச்சு முதல் பந்தி முடிவதற்குள் மண்டபம் முழுக்கப் போய்விடும். "ஏனுங்க, எடுத்த கொழுப்பை எல்லாம் என்னங்க பண்ணுவாங்க?" என்ற கேள்வியும் கூடவே வரும். கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் இந்தச் சிகிச்சை இன்று புதிய விஷயமே இல்லை. ஆனாலும் உள்ளே என்ன நடக்கிறது என்பது பலருக்கு இன்னும் தெளிவாகவில்லை.

வெறும் வம்புப் பேச்சு என்றால் விட்டுவிடலாம். இந்தத் தவறான எண்ணம் ஆளைப் பாதிக்கிறது. 'கொழுப்பைத்தான் எடுத்துவிட்டார்களே' என்று நம்புகிறவர், தையல் பிரித்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்து வைட்டமின் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். இன்னொரு பக்கம், இந்தச் சிகிச்சை உண்மையிலேயே தேவைப்படும் சர்க்கரை நோயாளி, வயிற்றைக் கிழித்துக் கிலோ கிலோவாக அள்ளுவார்கள் என்று பயந்து மருத்துவரிடம் பேசக்கூடப் போவதில்லை.

அறுவை அரங்கில் எடுப்பது என்ன?

தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த அறுவை சிகிச்சையில் கொழுப்பை எடுப்பதில்லை. வேலை நடப்பது இரைப்பையிலும் குடலிலும்தான்.

இப்போது அதிகம் செய்யப்படுவது 'ஸ்லீவ்' முறை. வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, கேமராவும் நீளமான கருவிகளும் நுழைத்துச் செய்வார்கள். நம் இரைப்பை ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளக்கூடிய பை. அதன் இடப்பக்கம் புடைத்திருக்கும் பெரும்பகுதியை, முக்கால் பங்கு அல்லது அதற்குச் சற்று அதிகமாக, ஸ்டேப்ளர் கருவியால் ஒரே நேரத்தில் வெட்டிப் பின்னடித்துப் பிரித்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழ அளவில் ஒரு குழாய். பிரித்த பகுதியை ஒரு துளையைக் கொஞ்சம் அகலமாக்கி அதன் வழியாகவே வெளியே இழுத்துவிடலாம். எடை போட்டால் கால் கிலோகூட வராது.

இரைப்பையின் கீழ் விளிம்பிலிருந்து 'ஒமென்டம்' என்ற கொழுப்புத் திரை ஒன்று குடலின் மேல் தொங்குகிறது. ஸ்லீவ் செய்வதற்காக இந்தத் திரையை இரைப்பையிலிருந்து பிரிப்பார்கள். அத்தனை கொழுப்பு கண்ணெதிரே இருந்தும் அதை வெட்டி எடுப்பதில்லை, உள்ளேயே விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது, 'பைபாஸ்' முறை. இரைப்பையின் மேல்முனையில் முட்டை அளவுக்கு ஒரு சிறு பையைத் தனியாகப் பிரித்து, அதோடு சிறுகுடலைக் கொண்டுவந்து இணைப்பார்கள். சாப்பாடு பழைய இரைப்பைக்குள் போகாமல் நேராகக் குடலுக்குப் போய்விடும். இதில் எதையும் வெளியே எடுப்பதில்லை. ஒதுக்கிவிட்ட பழைய இரைப்பை ரத்த ஓட்டத்தோடு உள்ளேயே இருந்து சாறு சுரந்துகொண்டிருக்கும். அது அழுகிவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அப்படி ஆகாது.

கொழுப்பை நேரடியாக உறிஞ்சி எடுக்கும் வேறொரு சிகிச்சை உண்டு, அதன் பெயர் லைப்போசக்‌ஷன். மண்டபப் பேச்சில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. லைப்போசக்‌ஷன் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பை மட்டும், உடலின் வடிவத்துக்காக எடுப்பது. கல்லீரலையும் குடலையும் சுற்றிச் சேரும் உள்ளுறுப்புக் கொழுப்பை அதனால் தொட முடியாது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் நெருங்கிய தொடர்புடையதோ இந்த உள்ளுறுப்புக் கொழுப்புதான். 2004இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், உடல் பருமன் உள்ள 15 பெண்களிடமிருந்து ஏறக்குறைய 10 கிலோ கொழுப்பு லைப்போசக்‌ஷனில் எடுக்கப்பட்டது. அவர்களுடைய இன்சுலின் செயல்பாட்டில் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. அறுவை அரங்கில் 10 கிலோ குறைவதும், உடல் தானே எரித்து 10 கிலோ குறைவதும் ஒன்றல்ல என்று எனக்குப் புரியவைத்த ஆய்வு அது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: ஸ்லீவில் இரைப்பையின் ஒரு பகுதி வெளியே வருகிறது. பைபாஸில் எதுவும் வருவதில்லை. இரண்டிலும் கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அறுவை முடிந்த அன்று எடைமேடையில் ஏறினால் பெரிய மாற்றம் இருக்காது.

வெட்டிய இரைப்பை எங்கே போகிறது?

பல ஆஸ்பத்திரிகளில் எடுத்த பாகத்தைத் தட்டில் வைத்து, அறுவை அரங்கின் வாசலில் காத்திருக்கும் உறவினருக்குக் காட்டுவார்கள். இளஞ்சிவப்பில் சுருங்கிய பை போல இருக்கும். அதன் பிறகு என்ன ஆகிறது என்று யாரும் விளக்கிச் சொல்வதில்லை. அந்த இடைவெளியில்தான் 'வித்துவிடுகிறார்கள்', 'சோப்பு செய்கிறார்கள்' என்ற கதைகள் முளைக்கின்றன.

வழக்கமாக முதலில் அது ஃபார்மலின் என்ற திரவத்தில் போடப்பட்டு நோய்க்குறியியல் ஆய்வகத்துக்குப் போகும். ஃபார்மலின் திசு கெடாமல் காக்கும். அங்கே நோய்க்குறியியல் மருத்துவர் அதை விரித்துப் பார்த்து, சந்தேகமான இடங்களிலிருந்தும் வேறு சில இடங்களிலிருந்தும் சிறு துண்டுகளை எடுப்பார். அவற்றை மெழுகில் பதித்து, முடியின் தடிமனைவிடப் பலமடங்கு மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். இதுதான் திசுப் பரிசோதனை. பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, அல்லது இரைப்பையின் உள்படலத்தில் சாதாரண அழற்சி இருக்கும். சிலருக்கு ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி தெரியவரும், அதற்கு மாத்திரை உண்டு. மிக அரிதாக, யாரும் எதிர்பார்க்காத சிறு கட்டி ஒன்று அகப்படுவதும் உண்டு. டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் இந்த அறிக்கை தயாராகியிருக்காது. அடுத்த முறை போகும்போது மறக்காமல் கேட்டு வாங்கிப் படித்துக் கோப்பில் வையுங்கள். எத்தனையோ பேர் பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், இந்தத் தாளை வாங்கவே இல்லை.

மீதித் திசுவுக்கு என்ன வழி? இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. மனித உடற்பாகங்கள் மஞ்சள் நிறப் பையில்தான் போடப்பட வேண்டும். பையில் பார்கோடு இருக்க வேண்டும். சுத்திகரிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பொதுவான கழிவு சுத்திகரிப்பு நிலையத்தின் வண்டி வந்து எடுத்துப் போகும். அங்கே இரண்டு அறைகள் கொண்ட எரிகலனில், முதல் அறையில் 800 டிகிரி செல்சியஸ், இரண்டாவதில் 1,050 டிகிரி அளவு வெப்பத்தில் எரித்துவிடுவார்கள். மாநகராட்சிக் குப்பையோடு கலப்பது குற்றம்.

கொழுப்பு என்பது என்ன?

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் போடுகிற ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். விளைந்த மஞ்சளை வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றி மூட்டை கட்டிக் கிடங்கில் அடுக்கிவைக்கிறார்கள். வரவு நன்றாக இருக்கிற வருஷம் மூட்டை ஏறிக்கொண்டே போகும். வரவு குறைந்து செலவு மட்டும் அப்படியே நின்றால், கிடங்கைத் திறந்து ஒவ்வொரு மூட்டையாக எடுக்க வேண்டியதுதான்.

நம் உடலில் அந்தக் கிடங்கு, கொழுப்புச் செல். அதற்குள் ஏறக்குறைய முழு இடத்தையும் ஒரே ஓர் எண்ணெய்த் துளி அடைத்திருக்கும். அந்த எண்ணெய்க்கு டிரைகிளிசரைடு என்று பெயர்: மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒரு கிளிசரால் மூலக்கூறில் கோத்திருப்பது. செலவழித்ததுபோக மிஞ்சிய சாப்பாடு, அது அரிசியோ இனிப்போ எண்ணெயோ, கடைசியில் இந்த வடிவத்தில்தான் வந்து சேரும்.

மஞ்சள் மூட்டையை யாரோ வந்து தூக்கிப்போவது லைப்போசக்‌ஷன். வீட்டுக்கு வரும் வரவைக் குறைத்து, கிடங்கைத் திறக்க வைப்பது ஸ்லீவும் பைபாஸும்.

கிடங்கு திறப்பது எப்படி?

சின்ன இரைப்பை என்பதால் குறைவாகச் சாப்பிடுகிறோம் என்பது பாதி உண்மைதான். வெறும் அளவு மட்டும் குறைந்தால் பசி நம்மைத் தூங்க விடாது. பட்டினி கிடந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

இரைப்பையின் மேல்பகுதி கிரெலின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. மூளைக்குப் பசியைச் சொல்லும் ஹார்மோன் அது. 1999இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். ஸ்லீவில் வெட்டி எடுப்பது முக்கியமாக அந்தப் பகுதியைத்தான் என்பதால் கிரெலின் அளவு இறங்குகிறது, பசியும் அடங்குகிறது. சாப்பாடு சீக்கிரமாகக் குடலுக்குப் போய்ச் சேர்வதால், ஜிஎல்பி-1 என்ற இன்னொரு ஹார்மோன் அதிகமாகச் சுரந்து 'போதும்' என்ற உணர்வைத் தருகிறது. இன்சுலின் சுரப்பையும் அது தூண்டும். எடை இறங்குவதற்கு முன்பே, சில நாட்களிலேயே பலருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் பழைய அளவில் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ தொடர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். மருத்துவர் அளவை மாற்றியே தீர வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. உடலின் ஒரு நாள் செலவு 2,100 கலோரி என்றும், சிகிச்சைக்குப் பிந்தைய ஆரம்ப நாட்களில் உள்ளே போவது 700 கலோரி என்றும் வைத்துக்கொள்வோம். 1,400 துண்டு விழுகிறது. ஐந்தாறு நாளைக்கு ஒரு கிலோ கிடங்கிலிருந்து போயாக வேண்டும். முதல் இரண்டு வாரத்தில் இதைவிட வேகமாக எடை இறங்கும், அதில் தண்ணீருக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு வேகம் குறைந்தால் ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று கலங்க வேண்டியதில்லை.

கொழுப்பு வெளியேறும் வழி

இந்த இடத்தில்தான் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். மலத்தில் போகிறது, வியர்வையில் போகிறது, தசையாக மாறுகிறது, வெப்பமாக மாறி மறைகிறது என்று பல பதில்கள் வரும். வியர்வையில் கொஞ்சம் போவதைத் தவிர எதுவும் சரியில்லை.

உடலில் இன்சுலின் இறங்கும்போது, கொழுப்புச் செல்லுக்குள் இருக்கும் நொதிகள் டிரைகிளிசரைடை உடைக்கின்றன. விடுபட்ட கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் கலந்து தசைக்கும் இதயத்துக்கும் கல்லீரலுக்கும் போகின்றன. அங்கே ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய பாகங்கள் இருக்கின்றன. நாம் மூச்சில் இழுத்த ஆக்சிஜன் அவற்றில்தான் கொழுப்பு அமிலத்தோடு சேர்கிறது. சக்தி கிடைக்கிறது. மிஞ்சுவது இரண்டே பொருள்: கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும்.

2014இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு முழுவதும் எரிய 29 கிலோ ஆக்சிஜனை உள்ளிழுக்க வேண்டும். 28 கிலோ கார்பன் டை ஆக்சைடும் 11 கிலோ தண்ணீரும் உண்டாகும். அந்தப் 10 கிலோ கொழுப்பின் அணுக்களை மட்டும் தொடர்ந்து போனால், 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சு வழியே வெளியேறுகிறது. மிச்சம் 1.6 கிலோ தண்ணீராகி சிறுநீர், வியர்வை, மூச்சின் ஈரம் வழியே போகிறது. கொழுப்பு பெரும்பாலும் வெளியேறுவது நுரையீரல் வழியாகத்தான்!

அப்படியானால் வேகமாக மூச்சு விட்டால் இளைக்கலாமா? முடியாது. எரிந்தால்தான் கார்பன் டை ஆக்சைடு உண்டாகும். சும்மா மூச்சை வேகமாக இழுத்துவிட்டால் தலைதான் சுற்றும். நடந்தால், உழைத்தால் எரிவது கூடும், மூச்சும் தானாகக் கூடும்.

கொள்ளைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பதை நம்பி, ஆபரேஷன் முடிந்தவருக்கும் கொள்ளுத் தண்ணீர் கொடுக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய. கொள்ளு கொழுப்பைக் கரைக்காது. ஆனால் 100 கிராம் கொள்ளில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. மருத்துவர் மசித்த உணவுக்கு அனுமதித்த பிறகு, நன்றாகக் குழைய வேகவைத்துக் கடைந்த கொள்ளுப் பருப்பு அருமையான உணவு. தண்ணீரை மட்டும் வடித்துக் கொடுத்துவிட்டுப் பருப்பை மாட்டுக்குப் போட்டால் சத்து மாட்டுக்குத்தான்.

சுருக்கமாக: வரவு குறைய, பசி அடங்க, கொழுப்புச் செல்லிலிருந்து எண்ணெய் உடைந்து வெளியே வருகிறது. செல்களுக்குள் எரிகிறது. மூச்சாகவும் நீராகவும் போகிறது. இதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

கூடவே போகிறவை

உடல் கொழுப்பை மட்டும் எரிப்பதில்லை. புரதம் போதாவிட்டால் தசையையும் உடைத்து எடுத்துக்கொள்ளும். அதனால்தான் தினமும் 60 முதல் 80 கிராம் புரதம் என்று உணவு ஆலோசகர் விடாமல் சொல்கிறார். சாப்பிடுவதே நாலு கரண்டி என்கிறபோது, அரிசிம்பருப்பு சாதத்தில் அரிசி குறைந்து பருப்பு கூட வேண்டும். முட்டை, தயிர், பன்னீர், மீன் எல்லாம் தட்டில் முதலிடம் பிடிக்க வேண்டும்.

கொழுப்புச் செல்லில் கொலஸ்ட்ராலும் சேர்ந்திருக்கும். வேகமாக இளைக்கும்போது அது கல்லீரல் வழியாகப் பித்தநீரில் அதிகம் கலந்து பித்தப்பையில் கல்லாகப் படியலாம். இதைத் தடுக்கத்தான் பல மருத்துவர்கள் ஆறு மாதத்துக்கு உர்சோடிஆக்சிகோலிக் அமில மாத்திரை எழுதுகிறார்கள். சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே கடுமையாக வலித்தால் கேஸ் என்று சோடா குடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

மூன்றாம் மாதம் முதல் முடி கொட்டும். பயப்படத் தேவையில்லை, சத்து சரியாக இருந்தால் பெரும்பாலும் திரும்ப வளரும். வைட்டமின் பி12 விஷயம் அப்படி இல்லை. அதை உடல் ஏற்றுக்கொள்ள உதவும் ஒரு பொருளை இரைப்பைதான் சுரக்கிறது. இரைப்பை சிறுத்தாலோ வழியிலிருந்து விலகினாலோ பி12 குறைந்து, காலப்போக்கில் நரம்பு பாதிக்கும். ஆயுள் முழுக்க மாத்திரையோ ஊசியோ தேவை. இரும்பு, கால்சியம், வைட்டமின் டி அளவுகளையும் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

இளம்பெண்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கொழுப்பு குறையும்போது ஹார்மோன்கள் சீராகி, பல வருஷம் தங்காத கரு சட்டென்று தங்கிவிடலாம். உடல் சத்துப் பற்றாக்குறையில் இருக்கும் நேரம் அது. ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு காத்திருக்கச் சொல்வார்கள். 'நல்ல செய்தி எப்போ' என்று அவசரப்படுத்தும் மாமியாருக்கும் இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

காலியான கிடங்கு

மூட்டை போன பிறகும் கிடங்குக் கட்டடம் நிற்கிறது. கொழுப்புச் செல்லும் அப்படித்தான். சுருங்குகிறது, எண்ணிக்கை குறைவதில்லை.

ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2008இல் இதைக் காட்டினார்கள். அணுகுண்டு சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனை வைத்துக் கொழுப்புச் செல்களின் வயதைக் கணக்கிட்டார்கள். ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு செல்கள் இறக்கின்றன, அதே அளவு புதியவை வருகின்றன. எடைக்குறைப்பு அறுவை செய்தவர்களிடம் இரண்டு ஆண்டு கழித்தும் செல்களின் எண்ணிக்கை குறையவில்லை. அளவுதான் சிறுத்திருந்தது.

சிறுத்த செல்கள் லெப்டின் என்ற ஹார்மோனைக் குறைவாகச் சுரக்கின்றன. 'இருப்பு போதும்' என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் அது. அது குறைந்தால் பசி மெல்லத் திரும்பும், உடலும் செலவைச் சுருக்கும். குழாயாக்கிய இரைப்பையும் நாளடைவில் கொஞ்சம் விரியும். இரண்டாம் ஆண்டுக்கு மேல் சிலருக்கு எடை ஏறத் தொடங்குவது இதனால்தான். அவர்களை 'நாக்கைக் கட்டத் தெரியாதவர்' என்று பேசுவது அநியாயம். உடலுக்குள் ஒரு இழுபறி நடக்கிறது. மூன்று நான்கு கிலோ ஏறும்போதே வெட்கப்படாமல் மருத்துவரிடம் போனால் உணவு மாற்றம், மருந்து என்று வழிகள் இருக்கின்றன. இருபது கிலோ ஏறிய பிறகு போனாலும் வழி உண்டு, கடினம் அதிகம்.

தோல் மட்டும் கிடங்கைப் போலவும் இல்லை, மூட்டையைப் போலவும் இல்லை. பல ஆண்டு இழுபட்ட தோலின் நார்கள் தளர்ந்துவிடும், உள்ளே இருந்த கொழுப்பு போனபின் வயிறும் கையும் தொங்கும். உடற்பயிற்சி தசையை வளர்க்கும், மிஞ்சிய தோலைச் சுருக்காது. மடிப்புக்குள் வியர்த்துப் புண்ணாகி அவதிப்படுகிறவர்கள், எடை நிலைத்து சில மாதங்கள் ஆன பிறகு, பொதுவாக ஒன்று அல்லது ஒன்றரை ஆண்டு கழித்து, பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்க்கலாம். அவர் தோலையும் அதோடு ஒட்டிய கொழுப்பையும் சேர்த்து வெட்டி எடுப்பார். அழகு சிகிச்சை என்று காப்பீட்டு நிறுவனம் மறுக்க வாய்ப்பு அதிகம் என்பதால், புண்ணுக்காகப் பார்த்த மருத்துவச் சீட்டுகளையும் படங்களையும் முன்கூட்டியே சேர்த்துவைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள்.